குடிமையியலை ஊருக்குள் எடுத்துப் போவோம்

நான் பத்தாம் வகுப்பில் சட்டப்பிரிவு 17 பற்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கிய வருஷம், எங்கள் ஊர் டீக்கடையில் அப்பாவுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

இன்று பாபநாசம் பக்கம் மாலை வகுப்பு எடுக்கும்போது அந்தத் தொடர்பைத்தான் முதலில் சொல்கிறேன். ‘பிரிவு 17 யாரைக் கட்டுப்படுத்தும்?’ என்று கேட்டால், பிளஸ் டூ பிள்ளைகள்கூட ‘அரசாங்கத்தை’ என்பார்கள். உடனே அமெரிக்காவைப் பற்றிச் சொல்வேன்.

அங்கே 1868இல் வந்த 14ஆம் திருத்தம் கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும் சமப் பாதுகாப்பும் தந்தது. ஆனால் 1883இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அது மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், விடுதி முதலாளியையும் அரங்கு முதலாளியையும் அல்ல என்றது. அந்தக் கதவுகளைத் திறக்க 1964இன் குடியுரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. நடுவில் 81 ஆண்டுகள்.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் தலைமையில் வரைந்த அரசமைப்பில் அந்த ஓட்டை இல்லை. பிரிவு 17 டீக்கடைக்காரரையும் கட்டுப்படுத்தும். 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே பேசுகிறது. ஆற்றோரம் வாழும் நமக்குப் படித்துறை என்றால் என்னவென்று விளக்க வேண்டுமா?

எழுதியிருந்தால் மட்டும் போதாது தோழர்களே. அரசமைப்பு வந்து 18 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, இதே டெல்டாவின் கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அதனால் பிரிவோடு நிறுத்தாமல் காவல் நிலையம் வரை படிக்கிறோம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்ந்த 18ஏ, வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்கிறது. புலனாய்வு செய்பவர் டிஎஸ்பிக்குக் குறையாத அதிகாரியாக இருக்கவேண்டும். இது தெரிந்த பிள்ளையை ‘போயிட்டு நாளைக்கு வா’ என்று அனுப்புவது கஷ்டம்.

நீங்களும் உங்கள் தெருவில் இதைச் செய்யலாம். 15(2)இன் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். ஊரைச் சுற்றிப் பார்த்து, எது நமக்குத் திறந்திருக்கிறது, எது இல்லை என்று குறியுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தத் தாளை எழுந்து நின்று வாசியுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.