வாடாத பூக்கள், வற்றிய ஏரிகள்

பெங்களூர் காந்தி பஜாரில் காலையில் வாங்கிய மல்லிகை மாலைக்குள் வாடிவிடும். வரவேற்பறைச் சுவரில் பதித்த செராமிக் பூ வாடாது. ஆனால், அது மலரப் பொறுமை வேண்டும். விரலால் அழுத்திச் செய்த இதழ்கள் நிழலில் மெல்ல உலரவேண்டும். அவசரப்பட்டால் விளிம்பில் விரிசல் விழும். பிறகு இரண்டு முறை சூளை: முதலில் சுமார் 1,000 டிகிரி, பளபளப்புப் பூச்சு பூசியபின் 1,200-க்கும் மேல். இதற்குள் பூ பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.

மண்ணோடு விரல்கள் பேசுவது இந்நகருக்குப் புதிதல்ல. பாட்டரி டவுனில் குயவர்கள் தலைமுறைகளாக அகல்விளக்கும் பிள்ளையாரும் செய்கிறார்கள். களிமண்தான் இப்போது வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாகிவிட்டது. வேறு பல ஏரிகள் வீட்டுமனைகளாயின. மண் பூவைச் சுவரில் பதித்து ரசிக்கும் நகரம், மண் தந்த ஏரிகளைக் காப்பாற்றவில்லை.