ஒன்பது பதிவகங்களும் ஒரு காவலும்

ஓடிக்கொண்டிருக்கும் பொருளொன்றின் நிலையை அறிய விரும்புபவன், முதலில் அதனை நிறுத்த வேண்டியவனாகின்றான். நிறுத்தியபின் காண்பது, ஓடியபோது இருந்த நிலைதானா என்னும் ஐயம் உடனே எழுகின்றது. மருத்துவன், நீதிபதி, வரலாற்றாசிரியன் ஆகிய யாவரும் ஏதோ ஒரு வகையில் எதிர்கொள்ளும் இவ்வையம், கணனித்துறையில் மிகக் கூரிய வடிவத்தை அடைகின்றது. ஒரு நிரல் பிழையான விடையைத் தருகின்றது. அன்றி நடுவழியில் வீழ்ந்துவிடுகின்றது. அதனை ஆக்கியவன் பிறிதொரு நிரலின் துணைகொண்டு முதலாவதை நிறுத்தி, அதன் உள்நிலையைப் பார்த்து, வழுவைத் தேடுகின்றான். சுவடு தொடர்தல் எனப்படும் இத்தொழிலுக்கு இடைநின்று உதவுவது, இயக்க முறைமையின் உள்ளீடாகிய கரு ஆகும். அது நேர்மையாக நடந்துகொள்ளாவிடின், பார்ப்பவன் பெறுவது பொய்ச்சாட்சியமே.

செயலியினுள்ளே பதிவகங்கள் என்னும் சில சிறு கலங்கள் உண்டு. கூட்டலும் கழித்தலும் அவற்றிலே நிகழ்கின்றன. அடுத்துச் செய்யவேண்டிய அறிவுறுத்தல் நினைவகத்தின் எவ்விடத்தில் உள்ளது என்பதும் அவற்றுள் ஒன்றிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆயின் ஒரு செயலிக்கு வாய்த்தது ஒரு தொகுதிப் பதிவகங்களே. அதனைப் பல செயன்முறைகள் மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. ஆகவே, ஒரு செயன்முறை நிறுத்தப்படும்போது அதன் பதிவகப் பெறுமானங்களைக் கரு எடுத்து ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். மீண்டும் அது தொடரும்போது வைத்தவாறே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ‘நிறுத்தப்பட்ட செயன்முறையின் பதிவகங்கள்’ என்று கூறப்படுபவை செயலியில் இருப்பவை அல்ல; கருவிடம் அடைக்கலமாக வைக்கப்பட்ட பிரதிகளேயாம்.

இவ்வடைக்கலம் எவ்வாறு பேணப்படுகின்றது என்பதற்கு, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அது பீ.டீ.பீ. 11 என்னும் பொறியில் இயங்கியது. பூச்சியம் முதல் ஏழு வரை எண்ணிடப்பட்ட எட்டுப் பதிவகங்கள் அப்பொறிக்கு உண்டு. ஆறாம் எண்ணுடையது அடுக்கைச் சுட்டுவது. ஏழாம் எண்ணுடையது அடுத்த அறிவுறுத்தலைச் சுட்டுவது. இவற்றோடு, செயலியின் அப்போதைய நிலையைக் கூறும் நிலைச்சொல் ஒன்றையும் சேர்த்தால் ஒன்பதாகும்.

நிரலொன்று இடைநிறுத்தப்பட்டுக் கருவின் கட்டுப்பாட்டுக்கு வந்ததும், நிலைச்சொல்லையும் ஏழாம் பதிவகத்தையும் பொறி தானாகவே கருவின் அடுக்கில் வைத்துவிடுகின்றது. பூச்சியம், ஒன்று, ஆறு ஆகியவற்றைப் பொறிமொழியில் எழுதப்பட்ட சில வரிகள் வைக்கின்றன. எஞ்சிய இரண்டு முதல் ஐந்து வரையானவற்றைக் காப்பது, சீ மொழித் தொகுப்பி ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் வழக்கமாக அமைக்கும் பகுதியாகும். இவ்வாறு மூவர் கையால் வைக்கப்பட்டமையால், அவை வரிசைப்படி அமையவில்லை. எது எங்கே உள்ளது என்பதைக் கூற, ஒன்பது எண்களைக் கொண்ட சிறு அட்டவணையொன்று கருவிலே எழுதப்பட்டிருந்தது.

சுவடு தொடர்வதற்கென அப்பதிப்பில் அமைந்த முறைமை அழைப்பின் பெயர் பீட்ரேஸ் என்பதாகும். அது செயற்பட்ட முறை வியப்பிற்குரியது. தாய்ச் செயன்முறையானது, நிறுத்தப்பட்ட தன் சேயின் பதிவகத்தை நேரே சென்று தொடுவதில்லை. வேண்டுவது யாதென ஒரு பொதுவிடத்தில் எழுதி வைத்துச் சேயை எழுப்புகின்றது. சேய் விழித்து, தன் நிரலைத் தொடராது, கருவினுள்ளேயே நின்று அவ்வேண்டுகோளைப் படித்து, தன் பதிவகத்தின் பெறுமானத்தைத் தானே எடுத்து அப்பொதுவிடத்தில் வைத்துவிட்டு மீண்டும் நின்றுவிடுகின்றது. ஒருமுறைக்கு ஒரு சொல் மட்டுமே. அப்பொதுவிடமும் பொறி முழுவதற்கும் ஒன்றே; ஆதலின் ஒருவரது வேண்டுகோள் முடியும்வரை மற்றவர் காத்திருக்க நேர்ந்தது. மெதுவான முறைதான். எனினும், தன் நிலையைத் தானே கூறும் சாட்சியாகச் சேய் அமைந்தமை அதன் எளிமையைக் காட்டுகின்றது.

பார்த்தல் மட்டும் போதுமாயின் சிக்கல் சிறிதே. வழுவைத் தேடுபவனுக்கு மாற்றவும் வேண்டியிருக்கின்றது. நிரலை ஓரிடத்தில் நிறுத்தும்பொருட்டு, அவ்விடத்து அறிவுறுத்தலை எடுத்துவிட்டு நிறுத்தற் கட்டளையொன்றை அங்கே வைப்பது வழக்கம். நிரல் அதனைச் செய்து நின்றபின், பழைய அறிவுறுத்தலை மீள வைத்து, ஏழாம் பதிவகத்தையும் ஓரடி பின்னே நகர்த்துதல் வேண்டும். இன்றேல் நிரல் ஓர் அறிவுறுத்தலைத் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே பிறருடைய பதிவகத்தில் எழுதும் உரிமையைக் கரு வழங்கியேயாக வேண்டும். கூடுவிட்டுக் கூடு பாய்தலை ஒத்த இவ்வுரிமை எத்துணைப் பயனுடையதோ, அத்துணை ஆபத்துடையதுமாகும்.

ஆபத்து ஒன்பதாவது சொல்லாகிய நிலைச்சொல்லிலே உறைகின்றது. செயலி சாதாரண நிரலுக்குரிய நிலையில் உள்ளதா, கருவுக்குரிய உயர்நிலையில் உள்ளதா என்பதை அதன் மேல் நான்கு பிட்டுகள் கூறும். எவ்விடையீடுகளை ஏற்பது, எவற்றை மறுப்பது என்பதை வேறு மூன்று பிட்டுகள் கூறும். தாய்ச் செயன்முறை தன் விருப்பப்படி அச்சொல்லை எழுதவிடின், சேய் மீண்டும் ஓடத் தொடங்கும் கணத்தில் அது சாதாரண நிரலாக இராது. கருவின் அதிகாரத்தைக் கைப்பற்றியதாக இருக்கும். பொறியைப் பகிர்ந்து பயன்படுத்தும் அனைவரது கோப்புகளும் அதன் வசமாகும்.

இதனைத் தடுக்க ஆறாம் பதிப்பின் ஆசிரியர்கள் எழுதியவை சில வரிகளே. எழுதப்படவிருக்கும் இடம் ஒன்பதில் ஒன்றா, அன்றி மிதவைப்புள்ளி எண்கணிதப் பதிவகங்களுக்கு உரியதா என முதலில் சோதிக்கப்படுகின்றது, அல்லாதன மறுக்கப்படுகின்றன. இடம் நிலைச்சொல்லாயின், வந்த பெறுமானம் யாதாயினும் மேல் நான்கு பிட்டுகளும் சாதாரண நிலையைக் குறிக்குமாறு திருத்தப்படுகின்றன. இடையீட்டுக்குரிய மூன்று பிட்டுகளும் பூச்சியமாக்கப்படுகின்றன. எஞ்சியவை கேட்டவாறே வழங்கப்படுகின்றன. உரிமைக்கும் காவலுக்கும் இடையிலான எல்லை அவ்விரு திருத்தங்களால் வரையப்பட்டது.

இவ்வரிகளை உலகின் மாணவர் பலர் படித்தறியக் காரணராயிருந்தவர் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து விரிவுரையாளர் ஜோன் லயன்ஸ் ஆவார். ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரிகள் கொண்ட அக்கருவை முழுமையாகத் தம் மாணவர் முன் வைத்து, அதற்கோர் உரையும் வகுத்தார். 1979 இல் வெளியான ஏழாம் பதிப்பின் உரிமக் கட்டுப்பாடு, மூலத்தை வகுப்பறையில் பயன்படுத்துவதைத் தடுத்தது. அதன்பின் லயன்ஸின் உரை படிப்பிரதிகளாகக் கைமாறியே வாழ்ந்தது. 1996 இல் அது நூலாக அச்சேறியது. ஈராண்டுகளின் பின் அவர் மறைந்தார்.

அம்மூலத்திலே, செயன்முறைகளை மாற்றும் பகுதியினருகே, படிப்பவர் இதனை விளங்கிக்கொள்வாரென எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்பு உண்டு. அது செருக்கினால் எழுதப்பட்டதன்று எனப் பின்னாளில் டெனிஸ் ரிச்சி விளக்கினார். அங்கு நிகழ்வதைத் தாமும் அன்று சரிவர உணரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஒரு செயற்கூறு காத்த பதிவகங்களை வேறொரு செயற்கூறு மீட்பதை அம்முறை நம்பியிருந்தது. பீ.டீ.பீ. 11 இன் தொகுப்பி எல்லாப் பதிவகங்களையும் எப்போதும் ஒரே வகையிற் காத்தமையால் அது பிழைத்தது. யூனிக்ஸை இன்ரர்டேட்டா என்னும் பொறிக்குக் கொண்டுசென்றபோது, அதன் தொகுப்பி அவ்வாறு செய்யாமையாற் குறை வெளிப்பட்டது.

இக்குறையின் உறவினர் இன்றும் உளர். லினக்ஸ் கருவானது அல்பா, எம்68கே ஆகிய செயலிகளில், முறைமை அழைப்பு விரைந்து நடைபெறும்பொருட்டுச் சில பதிவகங்களை மட்டுமே முதலில் காக்கின்றது. ஏனையவற்றைத் தேவையான இடங்களில் மட்டும் எடுத்து வைக்கின்றது. செயன்முறை முடிவடையும் தறுவாயில் நிறுத்தப்படும்போது அவ்வாறு எடுத்து வைக்கப்படவில்லை என்பது 2021 இல் கருவை ஆக்குவோரிடையே விவாதிக்கப்பட்டது. அந்நேரத்தில் ஒருவன் அப்பதிவகங்களைக் கேட்பின், கருவின் அடுக்கில் அவ்விடத்தில் தற்செயலாகக் கிடந்த சொற்களே அவனுக்குக் கிடைக்கும். அவன் அறிய வேண்டியதை அறியான், அறியக்கூடாததை அறிவான்.

காவலின் கதையும் அவ்வாறே தொடர்கின்றது. இன்ரெல் வகைச் செயலிகளில் இயங்கும் லினக்ஸ், நிலைச்சொல்லின் இடையீட்டுப் பிட்டை மாற்றச் சுவடு தொடர்பவனை அனுமதிப்பதில்லை. 1975 இன் அதே எச்சரிக்கை. ஆயினும் 2014 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எதிர்பாராத வாயிலொன்று வெளிப்பட்டது. முறைமை அழைப்பிலிருந்து விரைவாகத் திரும்புவதற்கென அமைந்த அறிவுறுத்தல், முறையற்ற முகவரியொன்றுக்குத் திரும்பப் பணிக்கப்பட்டால், இன்ரெல் செயலியில் உயர்நிலை நீங்குமுன்னரே தடுமாறும். அப்போது அடுக்கைச் சுட்டும் பதிவகம் நிரலின் பெறுமானத்தைத் தாங்கியிருக்கும். சுவடு தொடர்பவன் அடுத்த அறிவுறுத்தலின் முகவரியை மாற்றும் உரிமையுடையவனாதலின், அத்தடுமாற்றத்தை வேண்டுமென்றே விளைவிக்கவும், அதன்வழி உயர்நிலையைக் கைப்பற்றவும் வழி பிறந்தது. சுவடு தொடர்தற்கென நிறுத்தப்பட்ட செயன்முறை விரைவுவழியை விட்டு மெதுவான பழைய வழியாலேயே திரும்பவேண்டுமெனத் திருத்தம் செய்யப்பட்டது.

இங்கு காவல் செய்யப்படாதது நிலைச்சொல் அன்று. எவரும் ஐயுறாத முகவரிப் பதிவகமே. ஆறாம் பதிப்பின் ஆசிரியர்கள் தம் பொறியை முற்றாக அறிந்திருந்தமையால், ஒன்பதில் ஒன்றுக்கு மட்டும் காவலிட்டனர், அது போதியதாயிருந்தது. பொறிகள் விரைவை நாடி மாறியபோது, அஞ்சத் தேவையில்லாத பதிவகங்களும் அஞ்சத்தக்கனவாயின. ஆகவே ‘எதை மாற்ற விடலாம்’ என்னும் வினாவுக்கு ஒருமுறை கூறிய விடை என்றைக்கும் போதாது. பொறி புதிதாகும்போதெல்லாம் அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு வரியாக மீண்டும் படிக்க வேண்டியிருக்கின்றது. லயன்ஸ் தம் மாணவர்க்குக் கற்பித்ததும் அவ்வாறு படிக்கும் பழக்கத்தையே.