நம் வானத்தில் பறந்த எருமைகள்



பட்டர்வொர்த் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1958-ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவின் சேபர் போர் விமானங்களும், அவற்றுக்குப் பின் மிராஜ் விமானங்களும், 1988 வரை அந்த வானத்தைக் கிழித்துக்கொண்டு பறந்த சத்தத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கும் முன்பே, 1941-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வேறோர் ஆஸ்திரேலியப் பிரிவு இதே வானத்தில் போரிட்டது, தோற்றது. அதன் பெயர் 453-ஆம் ஸ்குவாட்ரன். ஸ்குவாட்ரன் என்பது ஒரு தலைவரின் கீழ் இயங்கும் விமானிகளும் மெக்கானிக்குகளும் அவர்களுடைய விமானங்களும் அடங்கிய ஒரு படைப்பிரிவு. தோற்றவர்களின் கதையை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள். அதில் உழைப்பாளிகளாகிய நமக்கும் ஒரு சேதி இருக்கிறது.

453-ஆம் பிரிவு 1941 மே 23-ஆம் நாள், சிட்னியை அடுத்த பேங்ஸ்டவுன் என்னும் இடத்தில் அமைக்கப்பட்டது. விமானிகளில் பெரும்பாலோர் பயிற்சி முடித்த கையோடு வந்த வாலிபர்கள். ஆகஸ்டு மாதம் அவர்கள் சிங்கப்பூருக்கு வந்து செம்பவாங் விமானத் தளத்தில் தங்கினார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விமானத்தின் பெயர் 'பஃபலோ'. தமிழில் சொன்னால் எருமை! அமெரிக்காவில் செய்யப்பட்ட அந்த விமானம் கட்டைக் குட்டையாக, பருத்த வயிற்றோடு இருக்கும். பெயருக்கு ஏற்ற உருவம்தான்.

அது எங்குமே உதவாத விமானம் என்று சொல்லிவிட முடியாது. அதே வகை விமானத்தை வைத்துக்கொண்டு பின்லாந்து நாட்டார் ரஷ்ய விமானங்கள் பலவற்றை வீழ்த்தியிருக்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷார் வாங்கியது கூடுதல் சாமான்கள் ஏற்றப்பட்டுப் பாரம் கூடிய வகை. ஐரோப்பாவில் ஜெர்மானியரை எதிர்க்க அது லாயக்கில்லை என்று அவர்களே முடிவு செய்து, கிழக்கே அனுப்பிவிட்டார்கள். 25,000 அடி உயரத்துக்கு ஏற அதற்கு அரை மணி நேரத்துக்கும் மேலாகும். உயரே போனால் பெட்ரோல் சரியாக ஏறாமல் எஞ்சின் திணறும். விமானி ஒரு கையால் பம்பு அடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். இருந்தும், கிழக்கு நாடுகளின் பிரிட்டிஷ் படைத் தலைவராக இருந்த ராபர்ட் புரூக்-பாப்பம், மலாயாவுக்கு பஃபலோவே போதும், உயர்ந்த விமானங்கள் இங்கிலாந்திலேயே இருக்கட்டும் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டனில் இருந்த தளபதிகளே கணக்குப் போட்டிருந்தார்கள். இங்கிருந்த தளபதிகளோ 566 கேட்டார்கள். போர் தொடங்கிய அன்று முன்வரிசையில் இருந்தவை 158. அவற்றில் பஃபலோக்கள் 60.

இத்தனைக்கும் மலாயா ஏழை நாடல்ல. உலகத்துக்கு ரப்பரும் ஈயமும் கொடுத்து, பிரிட்டனுக்கு அமெரிக்க டாலரைச் சம்பாதித்துக் கொடுத்த நாடு. அந்த ரப்பர் யார் கையால் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 453-ஆம் பிரிவு பிறந்த அதே மே மாதத்தில், கிள்ளான் தோட்டங்களில் நம் மக்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை அடக்கப் பட்டாளம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பாலைக் கொடுத்தவனுக்கு நியாயமான கூலியும் இல்லை, அவன் தலைக்கு மேலே போதிய காவலும் இல்லை.

டிசம்பர் 8-ஆம் நாள் விடியற்காலை. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறிவிட்டது. நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர், நம் தோட்டங்களில் பிரட்டுக்கு ஆள் எழுகின்ற நேரத்தில், சிங்கப்பூர் மீது முதல் குண்டுகள் விழுந்தன. நகரத்தில் விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. 61 பேர் மாண்டார்கள். செம்பவாங்கில் 453-ஆம் பிரிவின் விமானிகள் புறப்படத் தயாராக இருந்தார்கள். விமானி டிம் விகர்ஸ் பறக்க அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். கீழே இருக்கும் பீரங்கிக்காரர்கள் இருட்டில் நம் விமானத்தையே சுட்டுவிடுவார்கள் என்று பயம்!

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10. 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலுக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு வானத்தில் காவல் கொடுக்கும் பொறுப்பு 453-ஆம் பிரிவுக்கு. பகல் முழுவதும் கப்பல்களுக்கு மேலே ஆறு விமானங்களை மாற்றி மாற்றி நிறுத்தலாம் என்று விகர்ஸ் ஏற்கெனவே ஒரு யோசனை சொல்லியிருந்தார். அது ஏற்கப்படவில்லை. கப்பல்கள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று கடற்படைத் தலைவர் வயர்லெஸ்ஸில் பேசாமல் இருந்தார். தாக்குதல் தொடங்கிய பிறகு, 'ரிபல்ஸ்' கப்பலிலிருந்து பகல் 11.58-க்குத்தான் முதல் சேதி புறப்பட்டது. அது செம்பவாங்கை எட்டிப் பிரிவு பறக்கும்போது பன்னிரண்டரை மணி ஆகப் போகிறது. பதினொரு பஃபலோக்கள் ஒரு மணி நேரம் பறந்து போய்ச் சேர்ந்தபோது, ஒரு கப்பல் முன்பே மூழ்கிவிட்டது, மற்றது மூழ்கிக்கொண்டிருந்தது. 840 பேர் மாண்டுபோனார்கள். எண்ணெய் படர்ந்த கடலில் மிதந்துகொண்டிருந்தவர்கள் மேலே பார்த்துக் கையசைத்தார்கள் என்று விகர்ஸ் தம் அறிக்கையில் எழுதினார். அந்தக் கையசைப்பைப் பார்த்தபடி திரும்பி வந்த வாலிபர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

மறுநாள் டிசம்பர் 11 அன்று பினாங்கு ஜார்ஜ்டவுன் குண்டுவீச்சுக்கு ஆளானது. வருகின்ற விமானங்கள் நம்முடையவை என்று நம்பி, சனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிர்க்க ஒரு விமானமும் இல்லை. அதன் பிறகே 453-ஆம் பிரிவை வடக்கே அனுப்பினார்கள். டிசம்பர் 13-ஆம் நாள் அவர்கள் பட்டர்வொர்த்திலிருந்து எழும்பிப் போரிட்டார்கள். ஒரு விமானியின் விமானத்தில் சக்கரங்கள் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டன. அவர் தொங்கும் சக்கரங்களோடே எதிரியின் குண்டு விமானங்கள்மேல் பாய்ந்தார். அன்று சில விமானங்களை வீழ்த்தியதாக அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். விகர்ஸின் விமானம் தீப்பிடித்தது. அவர் உடல் வெந்த நிலையில் பாராசூட்டில் பினாங்குத் தீவில் இறங்கி உயிர் தப்பினார். தைரியத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை, பார்த்தீர்களா?

குறை எங்கே இருந்தது? கண் இல்லாததுதான் பெரிய குறை. எதிரி வருவதை முன்கூட்டிச் சொல்லும் ரேடார் கருவிகள் தெற்கே, சிங்கப்பூரைச் சுற்றித்தான் இருந்தன. வடக்கே காவல் நிலையங்களில் ஆட்கள் அண்ணாந்து பார்த்து, சாதாரண டெலிபோனில் சொல்ல வேண்டும். நடுவே மலையும் காடும். சேதி வருவதற்குள் குண்டு வந்துவிடும். ஏற அரை மணி நேரம் பிடிக்கும் விமானத்துக்கு ஐந்து நிமிடம் முன்னே சொன்னால் என்ன பயன்? எரிபொருள் நிரப்பிக்கொண்டு தரையில் நிற்கும்போதே பல விமானங்கள் நொறுங்கின. படைப்பிரிவு ஈப்போவுக்குப் பின்வாங்கியது. அங்கிருந்து கோலாலம்பூர் சுங்கை பீசி.

அங்கே டிசம்பர் 22-ஆம் நாள் பெரிய சண்டை நடந்தது. எதிரே வந்தவை ஜப்பானிய ராணுவத்தின் 'ஹயபூசா' விமானங்கள். ஹயபூசா என்றால் வல்லூறு. எருமைக்கும் வல்லூறுக்கும் வானத்தில் சண்டை என்றால் முடிவைச் சொல்லத் தேவையில்லை. பஃபலோக்கள் விழுந்தன, விமானிகள் மாண்டார்கள். பறக்கத் தக்க சில விமானங்களோடு, கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் பிரிவு சிங்கப்பூருக்குத் திரும்பியது. அங்கே அவர்கள் சும்மா இருக்கவில்லை. கனமான துப்பாக்கிகளைக் கழற்றி இலேசானவற்றை மாட்டினார்கள். பெட்ரோலையும் தோட்டாக்களையும் குறைத்தார்கள். எப்படியாவது பாரத்தைக் குறைத்து, கொஞ்சம் வேகமாக ஏற வேண்டுமே! சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் விழுந்தது. மிஞ்சியவர்கள் அதற்குச் சில நாட்கள் முன்பு ஜாவா வழியாக வெளியேறினார்கள். மார்ச் 15-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிரிவு கலைக்கப்பட்டது.

வாசகர்களே, விமானங்களுக்குப் போக ஒரு வழி இருந்தது. கீழே இருந்த சனங்களுக்கு எங்கே போக வழி? பினாங்கிலிருந்து ஐரோப்பியர்களை மட்டும் டிசம்பர் நடுவில் இரவோடு இரவாக ஏற்றிச் சென்றார்கள். மற்ற சனங்கள் அப்படியே விடப்பட்டார்கள். வடக்கே கைவிடப்பட்ட விமானத் தளங்கள் பெட்ரோலோடும் சாமான்களோடும் ஜப்பானியர் கைக்குப் போய், நம் தலைக்கு மேலேயே உபயோகமாயின. பிறகு வந்த மூன்றரை ஆண்டுகளை நம் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வளர்த்ததும், லயத்திலிருந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனதும், சயாம் மரண ரயில் பாதையில் நம்மவர் பல்லாயிரம் பேர் மடிந்ததும் எந்தக் குடும்பத்துக்குத் தெரியாது? வானத்தில் கணக்குத் தப்பினால் தரையில் இருப்பவன்தான் வட்டி கட்டுகிறான்.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த சேதியைச் சொல்ல வேண்டும். தோல்விக்குப் பிறகு பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? பறந்த வாலிபர்கள்மேலும் கொஞ்சம் விழுந்தது. அவர்களுக்குக் கட்டுப்பாடு போதவில்லை, ஊக்கம் போதவில்லை என்றெல்லாம் பேச்சு எழுந்தது. பிரிவின் பிரிட்டிஷ் தலைவருக்கும் ஆஸ்திரேலிய விமானிகளுக்கும் மனக்கசப்பே இருந்தது. மழுங்கிய கத்தியைக் கையில் கொடுத்து, நிரையையும் நேரம் கழித்துக் காட்டிவிட்டு, 'ஏன் பால் குறைந்தது?' என்று தொழிலாளியை அதட்டுவதை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். சொல்லுவதற்கு நன்றாக இருக்கிறது. வல்லூறு எதிரே வரும்போது புல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அவர்களுடைய திறமையில் குறையில்லை என்பதற்குப் பின்னால் நடந்ததே சாட்சி. 1942 ஜூன் 18-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் 453-ஆம் பிரிவு புதிய ஆட்களோடு மீண்டும் அமைக்கப்பட்டது. இந்த முறை அவர்கள் கையில் கொடுக்கப்பட்டவை ஸ்பிட்பயர் விமானங்கள். 1944-இல் நார்மண்டிப் படையெடுப்பில் போரிட்டார்கள். ஹாலந்திலிருந்து லண்டன்மேல் ஏவப்பட்ட வி-2 ராக்கெட்டுகளின் தளங்களைத் தாக்கினார்கள். போர் முடிந்து, 1946 ஜனவரியில் நல்ல பெயரோடு கலைந்தார்கள். அதே நாட்டு வாலிபர்கள், அதே பிரிவின் பெயர். மாறியது கையிலிருந்த கருவியும், வரும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடும்தான்.

சிங்கப்பூருக்குப் போகின்றவர்கள் ஒரு முறை கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போய் வாருங்கள். அங்கே சுவர்களில் உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்திய ராணுவச் சிப்பாய்களின் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. காணாமற்போன ஆஸ்திரேலிய விமானிகளின் பெயர்களும் இருக்கின்றன. மரண ரயில் பாதையில் மடிந்த நம் தோட்டத்து மக்களின் பெயர்களை அந்தச் சுவரில் தேடாதீர்கள். அவர்கள் பட்டாளத்துக் கணக்கில் வராதவர்கள். ஆகவே நம் வீட்டுப் பெயர்களை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். தாத்தாவின் பெயர், அவர் தம்பியின் பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஆண்டில் போனார் என்ற விவரம், இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. 453 என்ற அந்த எண்ணை ஆஸ்திரேலியர்கள் மறந்துவிடவில்லை. 2011-ஆம் ஆண்டு அதே பெயரில் மறுபடியும் ஒரு பிரிவை அமைத்தார்கள். ஆனால் இப்போது அது போர் விமானப் பிரிவல்ல. கோபுரத்தில் உட்கார்ந்து ரேடார் பார்த்து, விமானங்களுக்கு வழி சொல்லும் பிரிவு. கண் இல்லாமல் தோற்ற பிரிவு, இன்று பிறருக்குக் கண்ணாக இருக்கிறது.