ரிட்டர்ன் போனது எங்கே போச்சு?

ஒரு கேள்வி. ஆன்லைனில் ஒரு மின்சார சாமான் வாங்குகிறீர்கள். பிளக்கில் மாட்டித் தொட்டால் ‘சுரீர்’ என்கிறது. பயந்துபோய் ‘ரிட்டர்ன்’ பட்டனை அழுத்துகிறீர்கள். ‘ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள்?’ என்று கேட்டு, நாலைந்து காரணங்கள் வரிசையாக வருகின்றன. எதைத் தொடுவீர்கள்?

எனக்குத் தெரிந்த பலரும் தொடுவது, ‘இனி தேவையில்லை’. அதுதான் சுலபம். போட்டோ கேட்க மாட்டார்கள், வீடியோ கேட்க மாட்டார்கள். ஆள் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போவார், காசு கணக்கில் ஏறிவிடும். சுபம்!

சுபம் உங்களுக்கு. அந்த டப்பா எங்கே போகும்?

நான் படித்தது பி.காம். ‘ரிட்டர்ன்ஸ் இன்வர்ட்’ என்று ஒரு கணக்குச் சொல்லித் தருவார்கள். விற்ற சரக்கு திரும்பி வந்தால், விற்பனைத் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும். சரக்கு மறுபடி இருப்பில் சேர்ந்துவிடும். எல்லாம் டேலி! வந்தது நல்ல சரக்கா, ஷாக் அடிக்கிற சரக்கா என்று எழுத அந்தப் பேரேட்டில் இடமே கிடையாது.

‘இனி தேவையில்லை’ என்று நீங்கள் சொல்லிவிட்டால், கம்பெனியைப் பொறுத்தவரை அது குறையில்லாத பொருள். டப்பா கசங்காமல் இருந்தால், மறுபடி விற்பனைக்குப் போகலாம். உங்களுக்கு ஷாக் அடித்தது, இன்னொரு வீட்டில் குளிக்கப் போகிற குழந்தைக்கு அடிக்கலாம்.

தாம்பரத்தில் இருக்கும் என் சித்தி, மார்கழிக் குளிருக்காக ஒரு ஹீட்டர் ராடு வாங்கினார். 1,500 வாட்ஸ். விலை, கடையில் சொல்வதில் பாதிகூட இல்லை. வந்த டப்பா பிரிக்காமல் கிடந்தது. ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன்தான் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

“யாரும்மா இதை வாங்கச் சொன்னது?”

“ஏம்ப்பா, நாலு ஸ்டார் போட்டிருந்ததே!”

“ஸ்டாரை விடுங்கம்மா, பிளக்கைப் பாருங்க. ரெண்டே பின்!”

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. 1,500-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். சாதாரண சின்ன பிளக்கின் அளவு 6 ஆம்பியர்தான். வயரும் ஒல்லியாக இருந்தால், சூடேறி உருகத் தொடங்கும். அதைவிட முக்கியம், இல்லாமல் போன அந்த மூன்றாவது பின். மூணு பின் பிளக்கில் ஒன்று மட்டும் குண்டாக, நீளமாக இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் எர்த். மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். ராடுக்குள்ளே இன்சுலேஷன் கெட்டு, கரன்ட் வெளிக்குழாய்க்கு வந்துவிட்டால், எர்த் வழியாக இறங்கி ஃபியூஸைப் போக்கிவிடும். எர்த் இல்லாவிட்டால், வாளியில் கை வைக்கிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும்.

சித்தி மகள் ரிட்டர்ன் போடப் பார்த்தாள். ஏழு நாள் தாண்டிவிட்டது. போன் போட்டால், “மேடம், ரிட்டர்ன் விண்டோ க்ளோஸ் ஆயிடுச்சு.”

சித்தி போனைப் பிடுங்கினார். “ஏம்ப்பா, ஏழு நாள் கணக்கெல்லாம் கரன்ட்டுக்குத் தெரியுமா?”

பதில் இல்லை. ஆனால், சட்டத்தில் பதில் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இதை அப்படியே மெயிலில் எழுதச் சொன்னேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

சித்தி அதோடு விடவில்லை. “பணம் வந்துடுச்சு, சரி. இதையே வேற யார் தலையிலயாவது கட்டிட்டா?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான்!

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹீட்டர் ராடு போன்ற வீட்டுச் சாமான்களை வாங்காதீர்கள் என்று, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரிலேயே எச்சரித்தது. 2025 மார்ச்சில், டெல்லியில் ஒரு பெரிய ஆன்லைன் நிறுவனத்தின் கிடங்கில் பி.ஐ.எஸ். அதிகாரிகள் சோதனை போட்டார்கள். தரச் சான்று இல்லாத கீசர், மிக்ஸி என்று 3,500-க்கும் மேற்பட்ட சாமான்கள் சிக்கின.

இன்னொரு விஷயம். மூலைக் கடைக்காரருக்கு, போன வருடம் ராடு வாங்கியது யார் என்று நினைவிருக்காது. ஆன்லைன் கம்பெனியிடம் ஒவ்வொருவர் பெயரும், வீட்டு விலாசமும், போன் நம்பரும் இருக்கிறது! 2022 ஆகஸ்டில், தரமில்லாத பிரஷர் குக்கர் விற்ற ஒரு தளத்துக்கு அந்த ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டதோடு, வாங்கிய 2,265 குக்கர்களுக்கும் உரியவர்களுக்குத் தகவல் சொல்லி, திரும்பப் பெற்று, பணம் தரவும் உத்தரவிட்டது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை. ஆனால், வாங்கியவர்களைத் தேடிப் பிடிக்க வழி இருக்கிறது. ஆபத்து என்று யாராவது முதலில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த யாராவது, நீங்களாக இருங்கள். டப்பாவைக் கொடுப்பதற்கு முன்னால் பிளக், வயர், லேபிள், பில், விற்றவர் பெயர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால், ‘பாதுகாப்பில்லை, ஷாக் அடிக்கிறது’ என்று எழுதுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் நம்பரை ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் தட்டிப் பாருங்கள். உண்மையா, டூப்ளிகேட்டா என்று தெரிந்துவிடும். அதிலேயே புகாரும் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், உங்கள் ஊர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது.

திருப்பி வாங்கவே மாட்டேன் என்கிறார்களா? ‘பாவம், வேலைக்கு வர்ற அம்மாவுக்குக் கொடுத்துடலாம்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். புகார் முடிகிறவரை பத்திரமாக எடுத்து வையுங்கள். முடிந்ததும் வயரை நறுக்கிவிட்டு, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் போடுங்கள். சித்தி வீட்டு ராடு பணம் வந்த பிறகும் ஒரு வாரம் பரணில் இருந்தது. எடுக்க வந்தவரிடம், ‘பாதுகாப்பற்றது, விற்காதீர்கள்’ என்று டப்பா மேல் மார்க்கரில் பெரிதாக எழுதி, அதையும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் கொடுத்தார் சித்தி!