வாயிலும் முகவரியும்

கடிதமொன்று உரியவர் கையைச் சேர வேண்டுமாயின் இரண்டு செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும். வீடு எது என்பது ஒன்று. அவ்வீட்டில் யாருக்கு என்பது மற்றொன்று. இணையத்தில் வந்து போகும் செய்திகளுக்கும் இவ்விதியே பொருந்தும். வீட்டைக் காட்டுவது ஐ.பி. முகவரி, உள்ளே எவரிடம் செல்வது என்பதைக் காட்டுவது போர்ட் எனப்படும் வாயில் எண். இவ்வெண்கள் 65,535 வரை உண்டு. குறித்த ஓர் எண்ணைத் தேடி வெளியிலிருந்து வருவதை, வீட்டிலுள்ள குறித்த ஒரு கருவியிடம் ஒப்படைக்குமாறு ரவுட்டரில் கட்டளை எழுதிவைப்பதையே போர்ட் ஃபோர்வர்டிங் என்பர்.

கலைப்பீட மாணவனுக்கு இஃது எதற்கு எனக் கேட்போர் பெரகல சந்தியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கிருந்து ஒரு வீதி அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகின்றது; மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. அவ்விறக்கத்தின் பக்கத்திலேதான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தை லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அன்றுதொட்டு, அடைமழை பிடித்தால் எங்கள் லயத்திற் பேச்சுக் குறைந்துவிடும். எங்கள் வீட்டின் பின்னாலும் ஒரு சரிவு உண்டு.

சிறிய கணினிப் பலகை ஒன்றுடன் மழைமானி ஒன்றை இணைத்து வாசலோரம் நாட்டினேன். அதன் குட்டி வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீற்றர் மழை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரை விழிப்புக்கும், 100 மில்லிமீற்றரை எச்சரிக்கைக்கும், 150 மில்லிமீற்றரை வெளியேற்றத்துக்கும் அளவாகக் கொள்கின்றது. பல்கலைக்கழக விடுதியில் இருந்தபடி அந்த எண்ணைக் காண வேண்டும். கண்டதும் வீட்டுக்கு அழைத்து, "அம்மா, இப்பவே கோயிலுக்குப் போங்க" எனச் சொல்ல வேண்டும். இவ்வளவே என் நோக்கம்.

செய்முறை கடினமன்று. உலாவியில் 192.168.1.1 என்று எழுதினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். எண் வேறாயின் அதன் அடியில் ஒட்டிய சீட்டிற் காணலாம். முதற்கண் கணினிப் பலகைக்கு மாறாத உள் முகவரி ஒன்றை ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்காவிடின், மின்சாரம் நின்று வந்ததும் அம்முகவரி அண்ணனின் கைபேசிக்குப் போய்விடக்கூடும். பின்னர் வெளி வாயில், உள் முகவரி, உள் வாயில், தொடர்பு முறை ஆகிய கட்டங்களை நிரப்பிச் சேமித்தால் முடிந்தது. கதவைத் திறக்குமுன் கடவுச்சொற்களை மாற்றிவிடுதல் நன்று. 2016இல் உலகை அலைக்கழித்த மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் தேடியே இலட்சக்கணக்கிற் பிடித்தது.

இவை யாவும் செய்தபின்னும் விடுதியிலிருந்து தட்டிய கதவு திறக்கவில்லை. கட்டளையிற் குறையில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தைப் பார்த்தபோது அதன் வெளி முகவரி 100.72 எனத் தொடங்கியது. இணையத்தில் ஒரு தளத்தைக் கேட்டால் அது முற்றிலும் வேறோர் எண்ணைக் காட்டியது. போர்ட் ஃபோர்வர்டிங் செய்ய முனைவோர் முதலில் ஒப்பிட வேண்டியவை இவ்விரு எண்களே. அவை வேறுபடின், எத்தனை கட்டங்களை நிரப்பியும் பயனில்லை.

காரணம் முகவரிப் பஞ்சம். 1981இல் வகுக்கப்பட்ட ஐ.பி. நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 430 கோடி எண்களே உள. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியம் தீர்ந்தது. ஏப்ரலில் ஆசிய பசிபிக் பிராந்தியமும் கடைசிக் கையிருப்புக்கு வந்தது. ஆகவே நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னே அடுக்கத் தொடங்கின. அவ்வீடுகளுக்கு இடவென 100.64 முதல் 100.127 வரையான எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டன. எங்கள் லயத்துக்குக் கோபுரத்திலிருந்து வரும் 4ஜி இணைப்பு அவ்வகையது. நான் திறந்தது உள் கதவு. வெளிக் கதவின் சாவி நிறுவனத்திடம் இருந்தது.

தோட்டத்திற் பிறந்தவனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பெருந்தோட்ட லயங்கள் பலவற்றுக்கு இன்றும் வீட்டுக்கு வீடு அஞ்சல் முகவரி இல்லை. எல்லார் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கு வரும். தப்பால் பை காரியாலயத்தில் இறங்கும். கிளாக்கர் ஐயா பிரித்துக் கொடுத்தால் உண்டு. ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் தோட்டங்களில் நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கிடைத்த கதைகளைக் கேட்டே வளர்ந்தோம். இங்கு ஒரு வேறுபாட்டையும் குறிப்பிடல் தகும். நிறுவனத்தின் பெட்டி கடிதங்களை மாற்றிக் கொடுப்பதில்லை. யாருக்கென்று அறியாததை வாசலிலேயே கைவிட்டுவிடுகின்றது. இரண்டிற் கொடியது எது என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

மாதக் கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி பெறுதல் ஒரு வழி. நாட்சம்பளக் குடும்பத்துக்கு அது தகாது. 128 பிட் நீளமுள்ள ஐ.பி. ஆறாம் பதிப்பு முழுமையாக வருமாயின் பஞ்சமே இராது. அதுவரை மழை காத்திராது. நிற்க. உள்ளிருந்து புறப்பட்டுச் செல்வதை அப்பெட்டி தடுப்பதில்லை. சென்றவனுக்கு வரும் மறுமொழியையும் மறவாது கொண்டுவந்து தருகின்றது. பண்டாரவளை நகரில் நண்பன் வீட்டுக்குத் தொலைபேசிக் கம்பிவழி இணைப்பு இருந்தது. முகவரி அடிக்கடி மாறினும் அது பொது முகவரி. நான் கற்ற போர்ட் ஃபோர்வர்டிங் அங்கேதான் பலித்தது. அவனது பழைய கணினிக்கு ஒரு வாயிலைத் திறந்தோம். மாறும் முகவரியைப் பின்தொடர ஒரு பெயரைப் பதிந்தோம். பெரகலயிலுள்ள பலகை தானே புறப்பட்டு, எஸ்.எஸ்.எச். சுரங்கமொன்றை அக்கணினிவரை அமைத்துக் காத்திருக்கின்றது. நான் விடுதியிலிருந்து அங்கே சென்று மழையின் அளவைப் பார்க்கிறேன்.

இவ்வேற்பாட்டுக்கும் எல்லை உண்டு. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது மலையகத்தின் பல இடங்களில் தொலைத்தொடர்பே அறுந்தது. கோபுரம் ஊமையானாற் சுரங்கமும் ஊமை. ஆதலால் இப்போது பலகையுடன் மின்கலத்தில் இயங்கும் ஒரு மணியையும் பூட்டியிருக்கிறேன். மழை 75 மில்லிமீற்றரைத் தொட்டதும் அது அடுப்படிக்கு மேலே ஒலிக்கும். அம்மா அதற்குப் 'பிரட்டுத் தப்பு' என்று பெயரிட்டிருக்கிறார்.