வாக்கில்லாத மைந்தன்

நடிகர் ஷான் கானரி எடின்பரோவில் பிறந்தவர். ‘ஸ்காட்லாந்து என்றென்றும்’ எனக் கையில் பச்சை குத்திக்கொண்டவர். தனிநாடு வேண்டுமெனப் பல்லாண்டு பேசியவர். ஆயினும் 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் அவருக்கு வாக்கில்லை. பிறப்பன்று, வசிப்பிடமே தகுதி. அவரோ பஹாமாஸில் வாழ்ந்தார்.

கிளாஸ்கோவில் பணிபுரிந்த நம் பழைய மாணவர், காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால், இந்தியராகவே வாக்களித்தார். தொலைபேசியில் அவர் அதைச் சொன்னபோது நமக்குச் சினமே மூண்டது. பிரிந்து வாழ்பவனின் ஏக்கத்திற்கு மதிப்பே இல்லையா?

“வரியும் விலைவாசியும் இங்கிருக்கிற எங்களுக்குத்தானே, ஐயா?” என்றார் அவர்.

நம்மிடம் மறுமொழி இல்லை. ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் தனிநாடு வேண்டாமென்றனர். கானரி 2020இல் பஹாமாஸிலேயே மறைந்தார். மாணவர் சொன்ன நியாயத்தை இன்று ஏற்கிறோம், மனம்தான் ஆறவில்லை.