ஆயாவின் நாட்காட்டி

ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து ஒரு பத்தியை நீக்கிவிடும்படி சென்ற மாதம் எனக்கு அறிவுறுத்தப்பட்டது. சாலைச் சுரங்கங்களைக் குடையும்போது பாறைக்குள் எழும் நுண்ணதிர்வுகளைக் கணினிவழி வகைப்படுத்துவது என் ஆய்வு. அந்தப் பத்தி என் ஆயாவைப் பற்றியது. குடும்ப நினைவு தரவாகாது என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆயினும் அதை ஏன் எழுதினேன் என்பதை இங்கேயாவது சொல்லிவிட விரும்புகிறேன்.

நான் கோலார் தங்கவயலின் லைன் வீடொன்றில் வளர்ந்தவன். எங்கள் காலடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கங்கள். தாது எடுத்த வெற்றிடங்களைச் சுற்றி அழுத்தம் குவிந்து, பாறை திடீரென வெடித்துச் சிதறும். நூல்களில் அது பாறை வெடிப்பு. லைனில் 'ஏர் பிளாஸ்ட்'. மேலே வீடுகளில் பாத்திரங்கள் உருளும். ஆயா கடிகாரத்தைப் பார்த்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நேரத்தைப் பென்சிலால் குறிப்பார். அவருக்கு எண்கள் மட்டுமே எழுதத் தெரியும். பழைய தாள்களை மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

தொடக்கத்தில் அவர் எல்லா அதிர்வையும் குறிப்பதில்லையாம். ஷிஃப்டு முடியும் வேளையில் உள்ளே வெடி வைப்பார்கள்; அந்நேரத்து அதிர்வு கணக்கில் சேராது. "அது நம்ம ஆளுங்க வெக்கிற வெடி" என்பாராம். மற்ற நேரத்தில் வந்தால்தான் பென்சிலைத் தேடுவார்.

தங்கவயலுக்கு நிலநடுக்கப் பதிவுக் கருவி 1912-லேயே வந்துவிட்டது. 1978-இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு உணரிகளின் வலையமைப்பு உருவானது. ஒரே அதிர்வு ஒவ்வோர் உணரியையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு, வெடித்த இடத்தைக் கணிப்பார்கள். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தோன்றியது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நீர் நிரம்பிய வெற்றிடங்களில் எழுந்த அதிர்வுகளையும் அது ஆராய்ந்தது. இந்திய நிலத்தடிக் கட்டுமானத்துக்கு எங்கள் ஊர் விட்டுச்சென்ற பெருஞ்சொத்து தங்கமன்று, இந்தக் காதுதான் என்பேன். (ஊர்க்காரன், கொஞ்சம் மிகைப்படுத்துவேன்.)

என் நிரலின் முதல் படியும் ஆயா செய்ததுதான். வெடிநேரப் பட்டியலை எடுத்து, அந்த நிமிடங்களுக்குள் விழும் அதிர்வுகளைக் கழித்துவிடும். துளையிடும் இயந்திரத்தின் இரைச்சலையும் லாரிகளின் அதிர்வையும் அலைவடிவத்தைக் கொண்டு பிரிக்கிறேன். வெடியைப் பிரிக்க நேரமே எளிய வழி. எளிது என்பதால் நானும் அதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டேன்.

தாத்தாவின் வலக்காலைப் பறித்த வெடிப்பு அந்த நாட்காட்டியில் இல்லை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. வெடி வைத்த சில நிமிடங்களில், கூண்டுக்குக் காத்திருந்தவர்கள்மேல் பக்கப்பாறை சிதறியது. அழுத்தம் நிறைந்த பாறையை வெடியே தூண்டிவிடக்கூடும் என்பது துறையில் எவரும் அறிந்தது. மேலே பாத்திரங்கள் உருண்டன. ஆயா கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமான வெடி என்று உலையில் அரிசியைப் போட்டார்.

அதற்குப் பிந்தைய தாள்களில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. வெடிநேரம், வேறு நேரம் என்ற பாகுபாடின்றி, சுரங்கம் மூடப்படும்வரை எல்லாவற்றையும் குறித்திருக்கிறார்.

2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாராவில் சாலைச் சுரங்கம் சரிந்து 41 பேர் 17 நாள் உள்ளே அடைபட்டிருந்தார்கள். அது வேறு வகைச் சரிவு. ஆனால் அந்நாட்களில் அப்பா தொலைக்காட்சியை ஒலியின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து தாள்களை எடுத்து அவர் எனக்குக் காட்டியது அந்த வாரத்தில்தான்.

பத்தியை நீக்கிவிட்டேன். நிரலிலிருந்த நேர வடிகட்டியையும் நீக்கிவிட்டேன். வெடிநேரத்து அதிர்வுகளை இப்போது ஒவ்வொன்றாக அலைவடிவம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வேடு ஆறு மாதம் தாமதமாகும் என்று நெறியாளரிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டார். தரவு போதவில்லை என்றேன்.